உப்புக்கொத்தியின் காலில் சிவப்புச் சீட்டு

செப்டம்பர் 28

உப்புக்கொத்திகள் வந்துவிட்டன. வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் கழிமுகச் சேற்றைப் பார்த்தேன். கைக்குள் அடங்கும் உடம்பு, சேற்றின் நிறம். நாலடி ஓடுகிறது, நிற்கிறது, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். வடக்கே எங்கோ பனி உருகின இடத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்த களைப்பு ஒன்றின் முகத்திலும் இல்லை. நான் பேருந்தில் வந்ததற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்திருப்பதெல்லாம் சாதாரண உப்புக்கொத்தி. என்னுடையது இன்னும் வரவில்லை. அது எப்போதும் பிந்தித்தான் வரும், மற்றவை வந்து நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பிறகு. கால் கொஞ்சம் நீளம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு வெளுப்பு. ஓடும்போது உடம்பை நிமிர்த்திக்கொண்டு ஓடும். எல்லாப் புத்தகமும் இரண்டும் ஒரே பறவை என்கிறது. இல்லவே இல்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

அக்டோபர் 3

கேட்க ஆள் இருந்திருக்கிறது. என் குடும்பத்துக்குள்ளேயே.

இன்று எங்கள் அருங்காட்சியகத்துக் கருத்தரங்க அறையில் என் நாத்தனார் பேசினாள். இவருடைய ஒரே தங்கை. வெளிநாட்டில் மரபணு படித்துவிட்டு வந்து, இரண்டு வருஷமாக எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஆய்வகம் நடத்துகிறாள். நான் கீழ்த்தளம். பஞ்சடைத்துப் பதப்படுத்திய பறவைத் தோல்களுக்குக் காப்பாளர். எனக்குப் பூச்சிமருந்து வாடையும் டியூப்லைட்டும். அவளுக்குக் கண்ணாடிச் சுவர். இந்த நோட்டில் அவளுக்கு மேல்மாடி என்றே பெயர் வைத்துக்கொள்கிறேன்.

திரையில் என் பறவையின் படம்! "இதுவரைக்கும் ஒண்ணுன்னு நெனச்ச உப்புக்கொத்தி உண்மையில ரெண்டு இனம்" என்றாள். மரபணு மரத்தில் கிளை இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரே கைதட்டல். இயக்குநர் எழுந்து நின்று தட்டினார். அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்தது தீயணைப்புப் பயிற்சி அன்றைக்குத்தான்.

கடைசித் திரையில் நன்றி. பத்துப் பதினொரு பேர். அதில் எட்டாவது நான். எனக்கு மேலே ஆய்வகக் குளிர்பெட்டியைப் பழுதுபார்க்கிறவர்.

போன வருஷம் சாப்பாட்டு மேசையில் நான்தானே சொன்னேன்? "ரெண்டும் வேற வேற. நீ வேணும்னா மெஷின்ல போட்டுப் பாரு" என்று. "பாக்கலாம் அண்ணி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவள்தான் இவள். அப்புறம் ஒருநாள் கீழே வந்தாள். துறைமுகத்து விளக்குக் கம்பங்களில் மோதிச் செத்த உப்புக்கொத்திகளை வருஷம் வருஷமாகப் பொறுக்கிவந்து நான் சேர்த்த டிராயரைத் திறக்கச் சொன்னாள். மேலேயிருந்து ஒரு படம் எடுத்து, படத்தின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள். ஒவ்வொன்றின் பாதத்திலும் ஒரு துணுக்கு வெட்டினாள். "காலில கட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து எழுதிக்கோ" என்றேன். "படத்துல வரிசை இருக்கே அண்ணி, போதும்" என்றாள். ஒரு நன்றிகூட அன்றைக்குச் சொல்லவில்லை. மொத்தமாகச் சேர்த்து இன்று எட்டாவதாகச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 4

வீட்டிலும் இதே பாட்டு. மாமியார் மாடிப்படியில் எதிர்வீட்டு அம்மாவை நிறுத்தி வைத்து, "என் பொண்ணு ஒரு பறவையையே கண்டுபிடிச்சிருக்கா" என்றார். அது ஆறு வருஷமாக என் டிராயரில்தான் இருக்கிறது அத்தை, தொலைந்தா போயிருந்தது? சொல்லவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையாக வைத்தேன், அவ்வளவுதான்.

இவர் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். மேலுக்கும் கீழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் உத்தியோகம். வீட்டில் மட்டும் அந்தச் சாமர்த்தியம் வேலை செய்வதில்லை.

"உன் பேரும் நன்றியில வந்துச்சாமே?" என்றார், நல்ல எண்ணத்தோடுதான்.

"குளிர்பெட்டிக்காரர் பேரும் வந்துச்சு."

"அவரும் நல்ல மனுஷன்தான்மா" என்றார். இவரை என்ன சொல்ல?

அக்டோபர் 12

எனக்கு என்னதான் வேண்டும்? கைதட்டலா? இல்லை. சம்பள உயர்வா? கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன், ஆனால் அது இல்லை.

பெயர் வேண்டும். புதிய இனத்துக்கு யார் முதலில் விளக்கம் எழுதி, பெயர் வைத்து, அச்சில் கொண்டுவருகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் பெயர். பறவையின் பெயருக்குப் பின்னால் வைத்தவரின் பெயரும் வருஷமும் ஒட்டிக்கொண்டே வரும். நான் செத்து என் அலமாரியும் உளுத்துப்போன பிறகும் வரும். எனக்குக் குழந்தை இல்லை என்பதால் இப்படி அலைகிறேன் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். குழந்தை இருந்தாலும் இதற்கு ஆசைப்பட்டிருப்பேன்.

பெயரை நான் மூன்று வருஷம் முன்பே யோசித்துவிட்டேன். லத்தீனில் ஒரே சொல். பிந்தி வந்தவள் என்று அர்த்தம். குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இவர்கூட ஒருதடவை "யார்கூடப் பேசற?" என்று கதவைத் தட்டினார்.

அக்டோபர் 17

வந்துவிட்டது. ஒன்றே ஒன்று, சாதாரணக் கூட்டத்தின் ஓரமாக. தொலைநோக்கியே தேவைப்படவில்லை, நடையிலேயே தெரிந்துவிட்டது. சட்டென்று கண்ணில் நீர் வந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 21

மேல்மாடி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். இவர் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். கல்யாணமான நாளாகப் பார்க்கிறேன், அந்தத் துண்டு என் பக்கம் திரும்பியதே இல்லை.

"பேர் என்னடி வைக்கப் போற?" என்று மாமியார் கேட்டார்.

"இன்னும் யோசிக்கலம்மா. மொதல்ல கட்டுரை எழுதணும். பெரிய பத்திரிகை, ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க. மெதுவா வச்சுக்கலாம்."

மெதுவாகவாம். நான் மூன்று வருஷமாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன், இவள் மெதுவாக யோசிப்பாளாம்.

ஆறு மாதம் இழுப்பார்கள் என்றாளே. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 27

எங்கள் பறவைச் சங்கத்துக் காலாண்டிதழுக்கு ஆசிரியர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். கட்டுரை கிடைக்காமல் அவரே மூன்று பேரில் எழுதுகிறவர். போன் செய்தேன். "புது இனமா? நம்ம பத்திரிகையிலயா? அட்டையிலயே போடறேம்மா" என்றார். நவம்பர் கடைசியில் வந்துவிடுமாம். அச்சில் வந்தால் போதும், பெரிய பத்திரிகையா சின்னப் பத்திரிகையா என்று பெயர் வைக்கிற விதி கேட்பதில்லை.

ஒருவர் பெயர் வைக்கப்போவது தெரிந்தே இன்னொருவர் முந்திக்கொள்ளக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மரியாதை, சட்டமில்லை. மீறினாலும் பெயர் செல்லும். நான் யாரை முந்துகிறேன்? ஆறு வருஷம் முன்னால் பார்த்தவள் முந்துகிறாளா, போன வருஷம் மெஷினில் போட்டவள் முந்தினாளா?

என்னையே நான் சமாதானப்படுத்துகிறேன் என்று தெரிகிறது. தெரிந்தால் என்ன?

நவம்பர் 2

இன்று பெண் பார்க்கும் படலம்.

விளக்கம் எழுதினால் மட்டும் போதாது. ஒரே ஒரு பறவையை எடுத்து, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று காட்டவேண்டும். அதன் காலில் சிவப்புச் சீட்டு கட்டி, தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். பிற்காலத்தில் எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒற்றைப் பறவையிடம்தான் வந்து நிற்கவேண்டும்.

டிராயரைத் திறந்தேன். எல்லாம் குளிர்கால இறகில் இருக்கிற பழுப்புப் பறவைகள். ஒன்றுக்கு வால் இல்லை, ஒன்றுக்குப் பூச்சி அரித்த கழுத்து. முதல் வரிசையில் இரண்டாவது மட்டும் ஏப்ரல் மாதத்தில் விழுந்தது. வடக்கே கிளம்பும் நேரத்துப் புது இறகு, மார்பில் செம்பட்டை, நெற்றி வெள்ளைவெளேர். கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு செத்த மாதிரி இருந்தது.

காலை அளந்தேன். ஒரு மயிரிழை குட்டை. இரண்டு இனத்துக்கும் நடுவில் விழுகிற அளவு. அலகடியில் நான் எதிர்பார்க்கிற வெளுப்பு இந்தக் கோலத்தில் மறைந்திருக்கலாம். இருக்கலாமா? இருக்கலாம். மேலே போய், "இந்த ரெண்டாவது பறவை உன் மெஷின்ல என்ன வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் "எதுக்கு அண்ணி கேக்கறீங்க?" என்பாள்.

கேட்கவில்லை. அட்டைப்படத்துக்கும் அதுதான் அழகு. சிவப்புச் சீட்டு கட்டி வகைமாதிரிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். டிராயரில் காலி இடம் பல்லிளித்தது. மற்றப் பறவைகளை ஒவ்வோர் இடமாக நகர்த்தி அடைத்துவிட்டேன்.

நவம்பர் 8

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 29

வந்துவிட்டது! அட்டையில் என் பறவை. உள்ளே என் பெயர். பிந்தி வந்தவள் முந்திவிட்டாள்.

இவரிடம் காட்டினேன். முதலில் "அட!" என்றார். அப்புறம் படித்தார். அப்புறம் "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார். ஒரு மனுஷன் தன் மனைவியின் வாழ்நாள் சாதனையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

டிசம்பர் 2

அவள் கீழே வந்தாள். பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வாள், பதிலுக்கு என்ன சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் வசனமே எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"அண்ணி, இந்த அட்டையில இருக்கிற பறவையா வகைமாதிரி?"

"ஆமா. ஏன்?"

"இது சாதாரணம்."

"என்னது?"

"மொத வரிசையில ரெண்டாவது. அந்த வரிசையிலயே வசந்தகால இறகுல இருக்கிறது அது ஒண்ணுதான், தப்பே வராது. இது சாதாரண உப்புக்கொத்தி அண்ணி. மூணு தடவை மெஷின்ல ஓட்டியிருக்கேன்."

கால் ஒரு மயிரிழை குட்டை. எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள். அதற்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினாள். நானும் கத்தினேன். எட்டாவது பெயர், குளிர்பெட்டிக்காரர், எல்லாம் வெளியே வந்தது.

"ஆமா, வேணும்னுதான் உங்க பேரைச் சேர்க்கல" என்றாள். "சேர்த்தா என்ன சொல்வீங்க? 'நான் அப்பவே சொன்னேன்'. எதக் கண்டுபிடிச்சாலும் நீங்க அப்பவே சொல்லியிருப்பீங்க. இத்தனை மெஷினை வச்சு ஒரு வருஷம் மாரடிச்சு நான் பாக்குறத, நீங்க கரையில நின்னுக்கிட்டு நடையப் பார்த்தே சொல்லிடறீங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அவளுக்கு என்மேல் பொறாமை! மேல்மாடிக்குக் கீழ்த்தளத்தின்மேல்! வேறொரு நாளாக இருந்தால் அதைக் கேட்டு ஒரு வாரம் சோறு தண்ணீர் இல்லாமலே வயிறு நிறைந்திருக்கும். இன்று அதற்குக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

டிசம்பர் 3

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன். தலைவலிதான்.

டிசம்பர் 6

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? விதி என்ன சொல்கிறது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். விளக்கத்தில் நான் என்ன எழுதியிருந்தாலும் சரி, பெயர் சிவப்புச் சீட்டு கட்டிய பறவையோடுதான் போகும். அந்தப் பறவை சாதாரணம். ஆகவே என் பெயரும் சாதாரண உப்புக்கொத்தியின் பெயர். அதற்குத்தான் ஏற்கெனவே இருநூறு வருஷத்துப் பெயர் இருக்கிறதே? பழையது செல்லும், என்னுடையது செல்லாது. இனி எல்லாப் பட்டியலிலும் சாதாரண உப்புக்கொத்திக்குக் கீழே, பொடி எழுத்தில், செத்த பெயர்களின் வரிசையில் கிடக்கும். என் பெயரும் வருஷமும் பக்கத்திலேயே. நான் ஆசைப்பட்டபடி, நான் செத்த பிறகும்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சொல்லை இனி என் பறவைக்கும் வைக்க முடியாது. ஒரே பேரினத்துக்குள் ஒருமுறை வைத்த பெயரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. சிவப்புச் சீட்டையும் கழற்றக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் ஒரு லாரி மண் கொட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 7

இவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன்.

டிசம்பர் 21

மேல்மாடியின் கட்டுரை தயாராகிறது. என் புண்ணியத்தில் அவள் இப்போது அவசரப்படுகிறாள், வேறு யாராவது முந்திவிடக் கூடாது என்று. அந்தப் பெரிய பத்திரிகையும் ஜனவரி நடுவில் வகைமாதிரியின் படத்தோடு கொடுத்தால் உடனே பார்ப்பதாகச் சொல்லிவிட்டதாம். பெயரும் முடிவாகிவிட்டது.

அவள் அம்மாவின் பெயர். அதாவது என் மாமியார். லத்தீன் வால் ஒட்டி.

ஆயுசு முழுக்க என் அலமாரியில் மாமியார்! வீட்டில் இருப்பது போதாதென்று.

ஜனவரி 8, வியாழன்

இயக்குநர் கூப்பிட்டார். வகைமாதிரி என் பொறுப்பில் இருக்கிற டிராயரிலிருந்து போகவேண்டும். "நீங்களே எடுத்துக் குடுத்திருங்க. குடும்பத்துக்குள்ள எதுவும் மனஸ்தாபம் வேண்டாம்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்குத்தான் தெரியாது?

மேல்மாடி தன் படத்தோடு கீழே வந்தாள். ஒரு மாதமாக நாங்கள் "ம்" என்ற அளவில் பேசிக்கொள்கிறோம். முதல் வரிசையை விரலால் எண்ணினாள். அஞ்சாவதில் நிறுத்தினாள்.

"இதுதான். பட்டியல்ல அஞ்சு. வாலெல்லாம் முழுசா இருக்கு."

பார்த்தேன். பார்த்த கணமே தெரிந்துவிட்டது. குட்டைக் கால், அலகடியில் அழுக்கு நிறம். அது சாதாரணம்.

எப்படி என்று புரிய அரை நிமிஷம் ஆனது. இரண்டாவது பறவையை நான் எடுத்துப் பூட்டிவிட்டு மற்றவற்றை நகர்த்தி அடைத்தேன் அல்லவா? எல்லாம் ஓர் இடம் தள்ளிவிட்டன. அவள் படத்தில் அஞ்சாவதாக இருப்பது இப்போது நாலாவது. குளிர்காலப் பறவைகள் எல்லாம் அவள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான். காலில் கட்டின சீட்டைப் பார்த்து அன்றைக்கே எண் எழுதியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

"சரியா அண்ணி? இதுக்கே சீட்டு கட்டிடறீங்களா? புதன்கிழமை போட்டோ எடுத்து அனுப்பணும்."

"ம்" என்றேன்.

ஜனவரி 9

நான் பொய் சொல்லவில்லை. ம் என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 11

மாமியாருக்கு விஷயம் சொல்லியாகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரை லத்தீன் வாலோடு சொல்லிப் பார்க்கிறார். காலையிலிருந்து நாலு தடவை என்னைக் கூப்பிட்டு, "சரியாச் சொல்றேனா?" என்கிறார். "இன்னும் கொஞ்சம் நீட்டணும் அத்தை" என்றேன்.

நான் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும்? தப்பான பறவையின் காலில் சிவப்புச் சீட்டு. ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ யாராவது மெஷினில் போட்டுப் பார்ப்பான். மேல்மாடி வைத்த பெயரும் சாதாரணத்தின் கீழே போய் என் பெயருக்குப் பக்கத்தில் படுக்கும். மாமியாரும் நானும் பொடி எழுத்தில், அடுத்தடுத்து. என் பறவை மறுபடியும் பெயரில்லாமல் நிற்கும். அப்போது யாராவது மூன்றாவதாக ஒரு பெயர் வைக்கலாம். எது சரியான பறவை என்று தெரிந்த ஒரே ஆள் யார்?

இப்படி நினைக்க நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது. இனிப்பாக இருக்கிறது. மாமியார் ஐந்தாவது தடவை கூப்பிட்டார். போனேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சீட்டு எழுதிவிட்டேன். மாமியார் பெயர், வருஷம், இடம், எல்லாம் என் நல்ல கையெழுத்தில். நூலைக் கோத்தேன். பறவையை இடது கையில் மல்லாத்தி எடுத்துக் காலை விரல்களுக்கு நடுவில் பிடித்தேன். முடிச்சு விழவில்லை.

பேசாமல் இருக்க என்னால் முடிந்தது. அஞ்சு நாள் இருந்து பார்த்தாகிவிட்டது. ஆனால் இந்தக் கால் அந்தக் காலில்லை என்று விரலுக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஒரு முடிச்சுப் போட்டவள் நான். இன்னொன்று போட வரவில்லை. டிராயரில் நாலாவதாகக் கிடந்த பறவையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒண்டிக்கொண்டு ஆறு வருஷமாக வரும் இனம். எங்கள் குடும்பச் சண்டையில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடைக்காமல் போகவேண்டுமா?

மேல்மாடிக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் முதல்தடவை. அவள் கண்ணாடிச் சுவருக்குள்ளும் மூலையில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறது.

"என்ன அண்ணி, சீட்டு கட்டியாச்சா?"

"கட்டல. பறவை தப்பு."

சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ரெண்டாவது பறவைய எடுத்துப் பூட்டினப்ப, மத்ததெல்லாம் நான்தான் நகர்த்தி வச்சேன். உன் அஞ்சு இப்ப நாலு. நீ தொட்டது உன் படத்துல ஆறாவது. அது சாதாரணம்."

பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு, சாதாரணம்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"நான் விரல வச்சப்பவேவா?"

"ஆமா."

"இன்னிக்குச் செவ்வாய்."

"ஆமா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அவள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. படித்தவள், சீக்கிரம் போட்டுவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உக்காருங்க அண்ணி" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பேர் சேர்க்கட்டுமா?"

"நன்றியிலயா?"

"இல்ல. மேல."

வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கலாம். யார் கண்டார்கள், சொல்லியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

"சேர்த்துக்கோ" என்றேன். "ஆனா கால் அளவு, நடை, எல்லாம் நான்தான் எழுதுவேன். நீ எழுதினது படிக்கச் சகிக்கல."

"அப்ப நான் மொதல்ல, நீங்க ரெண்டாவது."

"தெரியும்."

ஜனவரி 14

நாலாவது பறவையின் காலில் கட்டினேன். வாலில் ஓர் இறகு இல்லை. நூல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

ஜூன் 5

அச்சில் வந்துவிட்டது. பறவையின் பெயர், அதற்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான். எரியவில்லை என்று எழுதினால் அது பொய். எட்டாவதாக இருந்ததற்கு எரிந்ததைவிடக் குறைச்சல்.

அக்டோபர் 24

மூன்று பேரும் கழிமுகத்துக்குப் போனோம். மாமியார் தன் பறவையை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தார். ஸ்டூல், குடை, ஸ்வெட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வந்தார். நாத்தனார் தொலைநோக்கியில் பார்க்க, நான் பெயர் சொல்ல, அவளே எழுதிக்கொண்டாள்.

"அண்ணி, இது அம்மாவா?"

"இல்ல. சாதாரணம். அது என்னோடது."

"அப்ப அந்த நிமிர்ந்து ஓடறது?"

"அது அம்மா."

மாமியார் தொலைநோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இத்தனை சின்னதா?" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் நாத்தனார் கூட்டிச் சொன்னாள். தாளில் ஒருபக்கம் அம்மா என்றும் மறுபக்கம் அண்ணி என்றும் எழுதியிருந்தாள். அம்மா மூன்று. அண்ணி பக்கம் தாள் போதாமல் பின்புறமும் கோடு போட்டிருந்தது.

மாமியார் அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அவளுக்கு மட்டும் எப்படி இத்தனை?" என்றார் மகளிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். "கொஞ்சம் இருங்க அத்தை" என்று தொலைநோக்கியைத் திருப்பி, இன்னும் ஒன்று கிடைக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.